சிவப்புக் கோட்டுக்காரர் யார்?

இணையத்தில் ஒலாடா ஈக்வியானோ என்று தேடினால் முதல் வரிசையிலேயே ஒரு முகம் வந்து நிற்கும். சிவப்புக் கோட்டு, கழுத்தில் வெள்ளைத் துணி, பின்னால் மங்கலான இருட்டு. கறுப்பினத்தைச் சேர்ந்த ஓர் ஆண் நம்மை நேராகப் பார்க்கிறார். கெஞ்சலும் இல்லை, முறைப்பும் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் அடிமையாக விற்கப்பட்டு, பிறகு தன்னைத் தானே விலை கொடுத்து மீட்டுக்கொண்டு, தன் கதையை எழுதி லண்டனில் விற்றவர் ஈக்வியானோ. அப்பேர்ப்பட்டவருக்கு இந்த முகம் பாந்தமாகத்தான் இருக்கிறது. அவருடைய தன்வரலாற்றின் பேப்பர்பேக் அட்டையிலும் பள்ளிப் பாடங்களிலும் சுவரொட்டிகளிலும் இதே முகத்தைத்தான் போட்டார்கள்.

சிக்கல் என்னவென்றால், அது அவர் முகமாக இருக்க வாய்ப்பே இல்லை.

படம் இருப்பது இங்கிலாந்தின் தென்மேற்கில், எக்ஸிடர் நகரத்து ராயல் ஆல்பர்ட் நினைவு அருங்காட்சியகத்தில். கேன்வாஸில் எண்ணெய் வண்ணம். உயரம் 62 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அகலம் 51 சொச்சம். மார்பளவுப் படத்துக்கு அன்றைய லண்டன் ஓவியர்கள் வழக்கமாக எடுத்துக்கொண்ட 30-க்கு 25 அங்குலக் கேன்வாஸைவிடச் சிறியது. 1943-ல் பெர்சி மூர் டர்னர் என்ற லண்டன் கலை வணிகர் இதை அருங்காட்சியகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதத்தில்தான் ஜெர்மன் விமானங்கள் குண்டுவீசி எக்ஸிடர் நகரின் நடுப்பகுதியைத் தரைமட்டமாக்கியிருந்தன. ஊரே இடிபாடாகக் கிடந்தபோது வந்து சேர்ந்த படம். டர்னர் சாமானியர் இல்லை. பாரிஸின் லூவ்ரில் இன்று கூட்டம் கூடிப் பார்க்கும் ஜார்ஜ் தெ லா தூரின் 'தச்சர் சூசையப்பர்' படத்தை 1948-ல் அந்த அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தவரும் இவர்தான். நல்ல படத்தை அடையாளம் காணும் கண் அவருக்கு இருந்தது. ஆனால் இந்தப் படத்தில் இருப்பவர் யார் என்ற சேதி படத்தோடு வரவில்லை.

வரைந்தவர் பெயரிலும் தடுமாற்றம்தான். நெடுங்காலம் இதை ஜோஷுவா ரெனால்ட்ஸ் வரைந்ததாகச் சொல்லிவந்தார்கள். இதில் வியப்பு இல்லை. கையெழுத்து இல்லாத, கொஞ்சம் தரமான, பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில உருவப்படம் எது கிடைத்தாலும் ரெனால்ட்ஸ் கணக்கில் எழுதிவிடுவது அந்தச் சந்தையின் பழக்கம். நம்மூரில் ஊர் பேர் தெரியாத தனிப்பாடலை எல்லாம் ஔவையார் தலையிலோ காளமேகம் தலையிலோ கட்டிவிட்ட மாதிரி. இன்று பெரும்பாலானோர் ஏற்பது ஆலன் ராம்சேயின் பெயரை, அதுவும் 'இவர் வரைந்ததாகக் கருதப்படுகிறது' என்ற பாதுகாப்பு வளையத்தோடு. காலம் 1757 முதல் 1760 வரை என்று வைக்கிறார்கள்.

இந்தக் காலக்கணிப்பில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. பழைய உருவப்படத்துக்கு வயது சொல்ல ஆராய்ச்சியாளர்கள் முகத்தைவிட உடையைத்தான் நம்புவார்கள். முகம் எந்த நூற்றாண்டிலும் முகம்தான். கோட்டு அப்படி இல்லை. 1750களில் ஆண்களின் கோட்டுக்குக் காலர் கிடையாது. நின்ற காலர் மெல்லத் தலைகாட்டுவது அடுத்த பத்தாண்டில். முன்கை மடிப்பின் அகலம், இடுப்புக்குக் கீழே துணி விரியும் விதம், கழுத்துத் துணியைக் கட்டும் முறை என்று ஒவ்வொன்றும் ஐந்து பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறியது. எக்ஸிடர் படத்தில் உள்ள உடையைப் பார்த்த வல்லுநர்கள் 1750களின் பின்பாதியைக் கைகாட்டினார்கள்.

சரி, அப்போது ஈக்வியானோ எங்கே இருந்தார்?

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் புனித மார்கரெட் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டில் 1759 பிப்ரவரியில் ஒரு வரி இருக்கிறது. கஸ்டாவஸ் வாசா, கறுப்பர், கரோலைனாவில் பிறந்தவர், வயது 12. அந்தப் பையன்தான் பின்னாளின் ஈக்வியானோ. அவரே எழுதிய கணக்கை எடுத்துக்கொண்டால் பிறந்தது 1745 வாக்கில், ஆகவே வயது 14. எப்படிப் பார்த்தாலும் பொடியன். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி மைக்கேல் பாஸ்கலின் அடிமையாகப் போர்க்கப்பல்களில் வேலை செய்துகொண்டிருந்தார். 1758-ல் கனடாக் கரையில் லூயிஸ்பர்க் முற்றுகையின்போது கப்பலில் இருந்தார். 1762 இறுதியில் பாஸ்கல் அவரை வேறொரு கப்பல் தலைவனுக்கு விற்றுவிட, கரீபியத் தீவான மான்ட்செராட்டுக்குக் கொண்டுபோகப்பட்டார். அங்கே சில்லறை வியாபாரம் செய்து காசு சேர்த்து, 1766-ல் 40 பவுண்டு கொடுத்து விடுதலை வாங்கினார். 1750களின் கோட்டைப் போட்டுக்கொண்டு முழு ஆணாக லண்டன் ஓவியர் முன்னால் அவர் உட்கார்ந்திருக்க முடியாது.

அவருடைய புத்தகத்தில் உடை பற்றிய ஒரு இடம் இருக்கிறது. விடுதலைப் பத்திரம் கைக்கு வரப்போகிறது என்று தெரிந்ததும் 8 பவுண்டுக்கு மேல் செலவழித்து உயர்ந்த ரகத் துணியில் ஒரு உடை எடுக்கிறார், விடுதலை நாளில் ஆடுவதற்காக. தன்னையே வாங்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்கு. நடன விருந்தில் அந்த உடை எடுப்பாகத்தான் இருந்தது என்று கொஞ்சம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறார். அந்த உடையின் நிறம் நீலம்.

ஈக்வியானோவின் உண்மையான முகம் தொலைந்துபோகவும் இல்லை. 1789-ல் தன்வரலாற்றை வெளியிட்டபோது வில்லியம் டென்டன் என்ற ஓவியரிடம் உட்கார்ந்து, அதைப் பார்த்து டேனியல் ஓர்ம் உலோகத் தகட்டில் செதுக்கி அச்செடுத்த படத்தை நூலின் முகப்பில் வைத்தார். கையில் விரித்த பைபிள், அப்போஸ்தலர் நடபடிகள் நான்காம் அதிகாரம். முன்பணம் கட்டிய 311 பேரின் பட்டியலோடு வந்தது முதல் பதிப்பு. அவர் உயிரோடு இருந்தபோதே ஒன்பது பதிப்புகள். தன் உருவம் வாசகர் கண்ணில் எப்படிப் பட வேண்டும் என்பதில் இவ்வளவு கவனமாக இருந்தவர். அந்தச் செதுக்குப்படம் கறுப்பு வெள்ளை, கொஞ்சம் விறைப்பு, கைதேர்ந்த வேலைப்பாடு என்றும் சொல்ல முடியாது. எக்ஸிடர் படமோ பளிச்சென்ற சிவப்பு, உயிருள்ள கண்கள். அட்டை வடிவமைப்பவர் எதை எடுப்பார்? அழகான முகம் ஜெயித்துவிட்டது, அவ்வளவுதான். இதில் சதி எதுவும் இல்லை. ஆனால் ஒரு மனிதர் தானே தேர்ந்தெடுத்து வைத்த முகத்தை ஒதுக்கிவிட்டு, அந்நியர் ஒருவரின் முகத்தை அவருக்கு ஒட்டவைத்தது எனக்கு உறுத்துகிறது. பெயர் விஷயத்தில் அவர் ஏற்கெனவே போதுமான அளவு பட்டிருக்கிறார். ஒருவர் மைக்கேல் என்று கூப்பிட்டார், இன்னொருவர் ஜேக்கப் என்றார், பாஸ்கல் ஸ்வீடன் மன்னர் பெயரான கஸ்டாவஸ் வாசாவை வைத்தார். மறுத்ததற்கு அடி விழுந்தது, கடைசியில் ஏற்றுக்கொண்டார். வாழ்நாள் முழுக்க அன்றாடம் புழங்கியது அந்தப் பெயர்தான். ஈக்வியானோ என்பது புத்தகத் தலைப்பில் அவர் மீட்டெடுத்த பெயர். அந்த மனிதருக்கு நான்கு பெயர்கள். இந்தப் படத்துக்கு ஒன்றுகூட இல்லை.

ஒரு படத்தின் பெயர் எப்படித் தொலைகிறது என்று கேட்டால், தொலைவதுதான் இயல்பு என்பேன். எங்கள் பாட்டி வீட்டுக் கூடத்தில் தலைப்பாகை கட்டிய ஒருவரின் பழைய போட்டோ தொங்கியது. அத்தை அவரை ரங்கூன் போன சின்னத் தாத்தா என்பார். பெரியப்பாவோ அது தாத்தாவின் கூட்டாளி என்று அடித்துச் சொல்வார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் ஸ்டூடியோ முத்திரை மட்டும் இருந்தது. யாருக்குத்தான் தெரியாது என்ற நினைப்பில்தான் யாரும் எழுதிவைப்பதில்லை. தெரிந்தவர்கள் போய்ச் சேர்ந்த பிறகு, ஆளுக்கொரு பெயர். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில வீடுகளிலும் இதே கதைதான். படம் கைமாறும், சட்டம் மாறும், ஏலத்தில் போகும்.

பெயர் பிழைத்துக் கிடக்க வேண்டுமென்றால் படத்துக்கு வெளியே அதற்கு ஒரு சாட்சி வேண்டும். செனகல் பக்கத்து முஸ்லிம் அறிஞர் அயூபா சுலைமான் டியாலோவின் படத்தைப் பாருங்கள். மேரிலாண்டில் அடிமையாக விற்கப்பட்டு, அரபியில் எழுதிய ஒரு கடிதத்தின் புண்ணியத்தில் லண்டன் வந்து சேர்ந்தவர். 1733-ல் வில்லியம் ஹோர் அவரை வரைந்தார். டியாலோ தன் நாட்டு உடையில்தான் வரைய வேண்டும் என்றார். பார்த்தேயிராத உடையை எப்படி வரைவது என்று ஓவியர் தயங்க, யாருமே பார்த்திராத கடவுளை மட்டும் உங்கள் ஆட்கள் எப்படி வரைகிறார்கள் என்று திருப்பிக் கேட்டாராம். அவரோடு பழகியவர் எழுதிவைத்த சம்பவம் இது. அசல் ஓவியம் எங்கே என்றே தெரியாமல் இருந்தது. அதைப் பார்த்துச் செய்த செதுக்குப்படம் மட்டும் பெயரோடு புழக்கத்தில் இருந்தது. 2009-ல் ஓவியம் ஏலத்துக்கு வந்தபோது செதுக்குப்படத்தோடு ஒப்பிட்டு இன்னார் என்று சொல்ல முடிந்தது. கத்தார் அருங்காட்சியக அமைப்பு வாங்க, பிரிட்டிஷ் அரசு ஏற்றுமதிக்குத் தடை போட, கடைசியில் லண்டன் தேசிய உருவப்படக் கூடத்துக்கு இரவலாக வந்து சேர்ந்தது. எக்ஸிடர் படத்துக்கு அப்படியொரு செதுக்குப்படம் இல்லை. செதுக்குப்படம் என்பது ஊர் பார்க்க விற்கும் சரக்கு. அது இல்லை என்றால் இந்தப் படம் யாரோ தன் வீட்டுக்காக, தனக்காக வரையச் சொன்னது என்று கொள்ளலாம். அந்த 'யாரோ' யார் என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஈக்வியானோ இல்லையென்று ஆனதும் அடுத்த பெயர் தயாராக இருந்தது: இக்னேஷியஸ் சாஞ்சோ. 2006-ல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை ராம்சேதான் ஓவியர், சாஞ்சோதான் இவர் என்று வாதிட்டது. இந்த வாதம் முந்தையதைப் போல ஓட்டை இல்லை. 1729 வாக்கில் அடிமைக் கப்பலில் பிறந்ததாகச் சொல்லப்படும் சாஞ்சோ, லண்டனின் கிரீனிச் பகுதியில் மூன்று சகோதரிகளிடம் வளர்ந்தார். படிப்பு வாசனையே பட்டுவிடக் கூடாது என்று நினைத்த வீடு. பக்கத்தில் வசித்த மாண்டேகு பிரபு பையனின் சூட்டிகையைப் பார்த்துப் புத்தகம் கொடுத்தார். பின்னர் அந்தக் குடும்பத்திலேயே வேலை. பிரபுவின் மனைவி 1751-ல் இறந்தபோது சாஞ்சோவுக்கு ஆண்டுக்கு 30 பவுண்டு எழுதிவைத்துவிட்டுப் போனார். கையில் காசு வந்ததும் சீட்டாட்டம், நாடகம் என்று ஒரு ஆட்டம் ஆடியிருக்கிறார். கடைசி ஷில்லிங்கை டேவிட் காரிக்கின் நடிப்பைப் பார்க்கச் செலவழித்ததாகக் கதை. பிறகு நாவலாசிரியர் லாரன்ஸ் ஸ்டெர்னோடு கடிதத் தொடர்பு, 1774 முதல் வெஸ்ட்மின்ஸ்டரில் மளிகைக் கடை, சொத்து இருந்ததால் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கு. 1780 டிசம்பரில் இறந்தார். இரண்டு ஆண்டு கழித்து அவர் கடிதங்கள் நூலாக வந்தன.

1750களின் இறுதியில் சாஞ்சோவுக்கு வயது முப்பதை ஒட்டி. கோட்டோடு பொருந்துகிறது. ராம்சே போன்ற ஓவியரின் கூடத்தை எட்டக்கூடிய பிரபு வீட்டில் இருந்தவர். இதுவும் பொருந்துகிறது. ஒப்பிட்டுப் பார்க்க ஐயமற்ற படமும் உண்டு. 1768 நவம்பர் 29 அன்று பாத் நகரில் தாமஸ் கெய்ன்ஸ்பரோ சாஞ்சோவை வரைந்தார். ஒரு மணி நாற்பது நிமிடத்தில் முடித்தார் என்று படத்தின் பின்பக்கக் குறிப்பு சொல்கிறது. இப்போது கனடாவின் ஒட்டாவாவில் இருக்கிறது. அதில் சாஞ்சோவின் கை அரைக்கோட்டுக்குள் செருகியிருக்கும். கனவான்களுக்கே உரிய நிலை அது. வேலைக்காரரை அந்த நிலையில் வைத்து வரைந்த கெய்ன்ஸ்பரோவுக்கு ஒரு சபாஷ் போடலாம். சரி, இரண்டு முகமும் ஒன்றா? இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பலமுறை பார்த்துவிட்டேன். ஒருமுறை ஒன்று போல் இருக்கிறது, அடுத்த முறை இல்லை. நடுவில் பத்து ஆண்டுகள், இரண்டு வெவ்வேறு கைகள், சாஞ்சோவின் ஏறிக்கொண்டே போன உடல் எடை. சாயலை வைத்துத் தீர்ப்புச் சொல்வது ஜாதகப் பொருத்தம் பார்ப்பது போலத்தான். பொருந்த வேண்டும் என்று உட்கார்ந்தால் பொருந்திவிடும்.

எனக்கு இந்த இடத்தில் வேறொன்று இடிக்கிறது. 1772-ல் ஜேம்ஸ் சாமர்செட் என்ற அடிமையின் விடுதலை வழக்கு மான்ஸ்ஃபீல்ட் நீதிபதி முன் வந்தபோது, இங்கிலாந்தில் இருக்கும் கறுப்பர்கள் 14,000 முதல் 15,000 பேர் என்று ஒரு கணக்கு பேசப்பட்டது. இன்றைய வரலாற்றாய்வாளர்கள் பலர் அதைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். குறைத்தாலும் ஆயிரக்கணக்கானவர்கள். மாலுமிகள், சமையல்காரர்கள், குதிரை ஓட்டிகள், கொம்பு வாசிப்பவர்கள், குத்துச்சண்டைக்காரர்கள், தேவாலயப் பதிவேட்டில் 'ஒரு கறுப்பர்' என்ற ஒற்றைச் சொல்லாக மட்டும் எஞ்சியவர்கள். இவர்களில் இன்று நமக்குப் பெயர் சொல்லத் தெரிந்த பிரபலங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம், ஏனென்றால் அவர்கள் புத்தகம் எழுதினார்கள். ஆகவே பெயர் தெரியாத கறுப்பு முகம் ஒன்று கிடைத்தால் அந்த ஐந்து பேரில் ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்று தேடத் தொடங்கிவிடுகிறோம். ஈக்வியானோ இல்லையா, சாஞ்சோ. சாஞ்சோ இல்லையா, அடுத்தவர். ஓவியர் ரிச்சர்ட் காஸ்வே 1784-ல் செய்த ஒரு செதுக்குப்படத்தில் பழம் பரிமாறும் கறுப்புப் பணியாளரை, அடிமை முறையை எதிர்த்து நூல் எழுதிய குகோவானோ என்பார்கள்; அங்கேயாவது குகோவானோ காஸ்வே வீட்டில் வேலை செய்தவர் என்ற வலுவான பிடிமானம் இருக்கிறது. சிவப்புக் கோட்டுக்காரருக்கு அதுவும் இல்லை. என் கணிப்பில், அவர் புத்தகம் எதுவும் எழுதாத அந்த ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவராக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

மாட்ரிட்டிலும் இதே கூத்து நடந்தது. திசன்-போர்னமிசா அருங்காட்சியகத்தில், உயரமான வெள்ளைத் தலையணி அணிந்த கறுப்பர் ஒருவரின் படம் இருக்கிறது. கில்பர்ட் ஸ்டூவர்ட் வரைந்த 'ஜார்ஜ் வாஷிங்டனின் சமையல்காரர்' என்பதுதான் நெடுங்காலம் அதற்கு இருந்த பெயர். வாஷிங்டன் வீட்டில் ஹெர்குலிஸ் என்ற அடிமைச் சமையல்காரர் இருந்தது உண்மை. 1797-ல் வாஷிங்டனின் பிறந்தநாளன்று அவர் தப்பி ஓடியதும் உண்மை. படத்தில் இருப்பது அவர்தான் என்று அமெரிக்காவே நம்பியது. சில ஆண்டுகளுக்கு முன் நிபுணர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். ஸ்டூவர்ட்டின் கை இல்லை. அதைவிட முக்கியம், அந்தத் தொப்பி சமையல்காரரின் தொப்பியே இல்லை. உயரமான வெள்ளைத் தொப்பி சமையலறைக்குள் நுழைந்ததே பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். கரீபியத் தீவான டொமினிக்காவில் சுதந்திர மனிதர்கள் கட்டிய தலைக்கட்டு அது. சுதந்திரமாக, ஒருவேளை வசதியாகவும் வாழ்ந்த ஒருவரை இத்தனை காலம் அடிமைச் சமையல்காரராக ஆக்கிவைத்திருந்தோம்.

நேரெதிரான கதையும் ஒன்று உண்டு. ஜமைக்காவின் கறுப்பு அறிஞர் ஃபிரான்சிஸ் வில்லியம்ஸின் படம் 1928 முதல் லண்டன் விக்டோரியா-ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெயர் தெரிந்த படம்தான், ஆனால் பெரிய தலை, குச்சிக் கால்கள் என்பதால் கேலிப்படம் என்றே பலர் நினைத்தார்கள். 2024-ல் வரலாற்றாய்வாளர் ஃபாரா தாபோய்வாலா, நுண்ணிய ஒளிவருடல்களின் துணையோடு அதைப் படித்தார். மேசையில் விரித்திருப்பது நியூட்டனின் நூல், வால்நட்சத்திரத்தின் பாதையைக் கணக்கிடும் பக்கம். ஜன்னலுக்கு வெளியே வானத்தில் மங்கலான ஒரு புள்ளி, 1759-ல் திரும்பி வந்த ஹேலியின் வால்நட்சத்திரம். கேலியாவது ஒன்றாவது, நியூட்டனின் கணக்கு சரியா என்று நானும் பார்த்தேன் என வில்லியம்ஸ் தானே சொல்லி வரையவைத்த படம் அது. 1760-ல் வில்லியம் வில்லியம்ஸ் என்பவர் வரைந்தார் என்பதும் வெளியே வந்தது. அந்த அறையில் புத்தகம் இருந்தது, ஜன்னல் இருந்தது. எக்ஸிடர்க்காரருக்கோ ஒரு கோட்டும் ஒரு பார்வையும் மட்டும்.

அந்த இரண்டும் சொல்வதைக் கேட்டால், பெயரைவிடச் சுவாரசியமான ஒரு கேள்விக்குப் போகலாம்: இதற்குப் பணம் கொடுத்தது யார்? அந்தக் காலத்து ஆங்கில ஓவியங்களில் கறுப்பர்கள் ஏராளம். பெரும்பாலும் சட்டத்தின் ஓரத்தில், சிறுவர்களாக, தலைப்பாகையோடு, தட்டு ஏந்தியபடி, எஜமானை அண்ணாந்து பார்த்தபடி. சென்னைக்காரர்களுக்கு ஒரு உதாரணம் சொன்னால் நெருக்கமாக இருக்கும். 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேல். அவர் மகனின் கல்லறை இன்றும் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. இங்கிலாந்து திரும்பிய யேலை நண்பர்களோடும் உறவினர்களோடும் காட்டும் 1719 வாக்கிலான ஓவியம் யேல் பல்கலைக்கழகத்தில் உள்ளது. வலப்பக்கம் மது ஊற்றக் காத்து நிற்கும் கறுப்புச் சிறுவன். சீருடை நேர்த்தியாக இருக்கிறது, கழுத்தில் மட்டும் பூட்டுப்போட்ட வெள்ளி வளையம். 2020-ல் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி ஆராய்ந்தார்கள். மற்றவர்களின் பெயரைத் தேடிப் பிடிக்க முடிந்தது. அந்தப் பையனுக்குப் பத்து வயது இருக்கலாம் என்பது வரைதான் போக முடிந்தது. புதிய தலைப்பில் அவன் 'அடிமைச் சிறுவன்'.

எக்ஸிடர் படத்தில் எஜமான் இல்லை. தட்டு இல்லை, வளையம் இல்லை, அண்ணாந்து பார்க்க யாரும் இல்லை. சட்டம் முழுவதும் அவர் ஒருவருக்கே. யாரோ லண்டனின் விலையுயர்ந்த ஓவியர்களில் ஒருவரைப் பிடித்து, இவர் முகத்தை மட்டும் வரையுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அல்லது ஓவியரே விரும்பி வரைந்திருக்கிறார். வழக்கத்தைவிடச் சிறிய கேன்வாஸைப் பார்க்கும்போது எனக்கு இரண்டாவது சாத்தியம் பிடித்திருக்கிறது. ராம்சே 1757-ல் இரண்டாம் முறை இத்தாலி போய்த் திரும்பியிருந்தார். வீட்டில் நல்ல வசதி. வாடிக்கையாளர் சொன்னதை மட்டுமே வரைய வேண்டிய நிலையில் இல்லை. அவர் மனைவி மார்கரெட் லிண்ட்சே, சாமர்செட் வழக்கில் தீர்ப்பளித்த மான்ஸ்ஃபீல்டின் சகோதரி மகள். மார்கரெட்டின் சகோதரர் ஜானுக்கு ஓர் அடிமைப் பெண்ணிடம் 1761-ல் பிறந்த டைடோ பெல், மான்ஸ்ஃபீல்ட் வீட்டிலேயே வளர்ந்தாள். டைடோவும் அவள் ஒன்றுவிட்ட சகோதரி எலிசபெத்தும் சேர்ந்திருக்கும் புகழ்பெற்ற படம் நெடுங்காலம் எலிசபெத்தின் படமாக மட்டுமே அறியப்பட்டது. அதை வரைந்தவர் டேவிட் மார்ட்டின் என்று இப்போது முடிவாகியிருக்கிறது. அவர் ராம்சேயின் சீடர். இதெல்லாம் சிவப்புக் கோட்டுக்காரருக்கு ஆதாரம் ஆகாது, டைடோ பிறப்பதற்கு முன்பே அவர் படம் முடிந்துவிட்டது. ஆனால் கறுப்பு முகத்தைச் சட்டத்தின் நடுவில் வைப்பது வினோதமாகத் தோன்றாத ஒரு வட்டாரம் லண்டனில் இருந்தது என்பதற்கு இது போதும்.

நெடுங்காலம் இந்தப் படம் 'ஆப்பிரிக்கர் ஒருவரின் உருவப்படம்' என்ற தலைப்போடு இருந்தது. நியாயமான தலைப்பு போலத் தெரியும், யோசித்தால் அதுவும் ஊகம்தான். அவர் ஆப்பிரிக்காவில் பிறந்தார் என்று யார் சொன்னது? ஜமைக்காவாக இருக்கலாம், பிரிஸ்டலாகவும் இருக்கலாம். சாஞ்சோ பிறந்தது நடுக்கடலில் என்கிறார்கள். ஈக்வியானோ தன்னை ஆப்பிரிக்கர் என்றே எழுதியிருக்க, ஞானஸ்நானப் பதிவேடு கரோலைனா என்கிறது. அண்மையில் அருங்காட்சியகம் 'சிவப்பு உடையில் ஒருவர்' என்று தலைப்பை மாற்றிப் புழங்கத் தொடங்கியிருக்கிறது. கண்ணால் பார்த்தால் எவரும் ஒப்புக்கொள்ளும் அளவுக்கு மட்டும் சொல்லும் தலைப்பு. எனக்கு இது பிடித்திருக்கிறது.

புத்தக அட்டைகளும் இணையமும் இந்த மாற்றத்தைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. நீல உடையில் ஆடியவரைத் தேடினால் சிவப்பு உடைக்காரர்தான் இப்போதும் முதலில் வருகிறார்.